முட்டைக்கோஸ் நெபுலாவின் இரண்டு வளைவுகள்

என் சித்தப்பாவுக்கு நல்ல மீசை இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைக்கூடத்துப் பெஞ்சில், மடிப்புக் கலையாத நீலச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். இன்று மீசை இல்லாததால் உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. எனக்கே காலையில் ஒரு நிமிடம் பிடித்தது.

நடந்ததை எழுதித் தரச் சொல்லி மூன்று தாள் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி. எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். பாராட்டுவதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லித்தான் சித்தப்பாவை இந்த மலைக்கு அழைத்து வந்தேன். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் தாள் போதாமல் போய்விடக் கூடாது.

நீங்கள் இந்த வானாய்வகத்தின் கேமராப் பொறியாளர். உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மேலதிகாரியும் இதைப் படிப்பார், அவர் நிர்வாகத்திலிருந்து வந்தவர் என்றீர்கள். அவருக்காக அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

நெபுலா என்பது விண்வெளியில் உள்ள வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். நாங்கள் படமெடுக்கும் நெபுலா ஓரங்கள் சுருண்டு உருண்டையாக இருக்கும். பட்டியலில் அதற்கு ஓர் எண் உண்டு. எங்கள் ஊர் வானம் பார்ப்போர் சங்கத்தில் முட்டைக்கோஸ் என்போம். அதன் வெளிச்சம் மிகவும் மங்கல். கேமராவை மூன்று நிமிடம் திறந்து வைத்து ஒரு படம் எடுத்தால் புள்ளி புள்ளியாகக் குப்பைதான் தெரியும். அதே மாதிரி இருநூறு படம் எடுத்து, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் வரும்படி கணினியில் அடுக்கிச் சராசரி எடுத்தால் குப்பை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எல்லாப் படத்திலும் இருப்பது மட்டும் மேலே எழுந்து வரும். ஒரே ஒரு படத்தில் விமானம் குறுக்கே போயிருந்தால் மென்பொருள் அதைத் தூக்கி எறிந்துவிடும். இருநூறிலும் இருந்தால் அது உண்மை. மென்பொருளின் கருத்து அது. என் கருத்தும் அதுதான்.

இன்னொன்று, வெள்ளைப் படம். கேமராவுக்குள்ளேயே தூசி இருந்தால் அதுவும் இருநூறு படத்திலும் இருக்கும். மென்பொருள் அதையும் வானத்தில் இருப்பதாக நம்பிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் விடிந்த பிறகு தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிச் சில படங்கள் எடுத்துவைப்போம். அதில் தூசியின் நிழல் மட்டும் இருக்கும். அடுக்கும்போது அந்த நிழலை நீக்கிவிடலாம்.

எங்கள் வீட்டில் இதற்குப் பயன்பட்டது சித்தப்பாவின் வெள்ளைப் பனியன். சித்தி ஒருநாள் அதைச் சிவப்புத் துண்டோடு சேர்த்துத் துவைத்துவிட்டார். பனியன் ரோஜா நிறமாகிவிட்டது. அந்த வாரம் நான் வெள்ளைப் படம் எடுக்கவில்லை. ஒரு வாரம்தானே என்று விட்டேன். இந்த விஷயத்தில் என் பக்கம் நடந்த தவறு அது ஒன்றுதான்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். படிக்க வந்தபோது சித்தப்பா வீட்டில் தங்கினேன். படிப்பு முடிந்தும் யாரும் போகச் சொல்லவில்லை. எட்டு வருடமாகிறது. சித்தப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். மற்ற நேரத்தில் ஏதாவது கண்டுபிடிப்பார். தானாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் பூந்தொட்டி கண்டுபிடித்தார். கீழ்வீட்டுக்காரர்கள் குடையோடு மேலே வந்தார்கள். தானாக மூடிக்கொள்ளும் கதவு கண்டுபிடித்தார்; அது சித்தி வெளியே இருக்கும்போது மூடிக்கொண்டது. சித்தி இவற்றையெல்லாம் தேதியோடு நினைவில் வைத்திருக்கிறார்.

சங்கத்தில் மொத்தம் ஐந்து கேமராக்கள். பல் டாக்டர் தலைவர். பெரிய தொலைநோக்கி அவருடையது. கணக்கு டீச்சரிடம் ஒன்று, பேக்கரிக்காரரிடம் ஒன்று. அண்ணன் தம்பி இருவர் ஒரு கேமராவை முறை வைத்து வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது எனக்கும் சித்தப்பாவுக்கும். ஞாயிறு காலையில் பல் டாக்டரின் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் கூடுவோம். எல்லோருடைய படங்களையும் அடுக்கித் தருவது என் வேலை. கேமராவின் சென்சாரைத் துடைத்துத் தருவதும் என் வேலை. சென்சார் என்பது வெளிச்சத்தைப் படமாக்கும் நகத்தளவு சில்லு; அதன்மேல் ஒரு கண்ணாடி இருக்கும். மூச்சு பட்டாலே கறை விழும். என் கை நடுங்காது, வாயும் திறக்காது, அதனால் எல்லோரும் என்னிடம் கொடுப்பார்கள். நான்கு வருடத்தில் அந்தக் கூட்டத்தில் நான் பேசியது "வந்தாச்சு", "கிளம்பறேன்" என்ற இரண்டு வார்த்தைகள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. யாராவது கை கழுவினால் நான் கொஞ்சம் நனைவேன். அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதில்லை.

வெள்ளைப் படம் எடுக்காத அந்த வாரம் முட்டைக்கோஸை அடுக்கி முடித்தேன். சித்தப்பா கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து கணினித் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இங்க கறுப்பா ஒரு கோடு வளைஞ்சு போகுதே, என்ன அது?"

"தெரியல சித்தப்பா."

"போன வருஷப் படத்துல இருந்துதா?"

"இல்ல."

"அப்ப புதுசு."

தூசியாக இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் அவர் சமையலறையில் இருந்தார்.

"வீட்டுல பல்பு போனா மூணு நாள் கழிச்சுக் கண்டுபிடிக்கிற மனுஷன்," என்று சித்தியின் குரல் கேட்டது, "வானத்துல புதுசா கண்டுபிடிச்சுட்டாராம்."

ஆனாலும் சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தார். நெபுலாவின் இடது ஓரத்தில், மேலே தடித்துக் கீழே மெலிந்து, அரிவாள் மாதிரி ஒரு வளைவு.

"ஆமா, இருக்கு," என்றார்.

அந்த வீட்டில் நான் இருந்த எட்டு வருடத்தில் சித்தி சித்தப்பாவைப் பார்த்து "ஆமா" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தப்பாவுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போடப் போய்க் கீழே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சொன்னார். பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இன்னொரு தடவை வரட்டும், அப்பறம் பேசலாம்" என்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து கேமராவைத் திறந்தேன். சென்சார் கண்ணாடியின் மேல் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு மில்லிமீட்டர். ஒரு பக்கம் வளைந்தது. யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா ஞாயிறு காலையில் பால்கனி வெளிச்சத்தில் நின்று மீசை கத்தரிப்பார். தொலைநோக்கி நிற்பதும் அங்கேதான். கேமராவைக் கழற்றி வைத்திருந்தால் தூசி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

முடியைத் தூரிகையால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சித்தி முதலில் சித்தப்பாவுக்குப் பரிமாறினார். "கண்டுபிடிச்சவரு சாப்பிடட்டும்" என்றார். கேலிதான். ஆனால் முதலில் பரிமாறினார். சித்தப்பா தட்டைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியபின் முடியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அடுத்த வாரம் வளைவு மறுபடியும் வந்தது. சங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அதற்கு "சித்தப்பா வளைவு" என்று பெயரும் வந்தது. நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அங்கே எல்லோருக்குமே அவர் சித்தப்பாதான்.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் எந்தப் படத்திலும் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை. கணினியில் ஒரு கோடு வரைந்திருந்தால் அரை நிமிட வேலை. யாருக்கும் தெரிந்திருக்காது. அது மோசடி. நான் அறிவியல் படித்தவள். என் படங்களில் இருப்பது எல்லாம் கேமரா உண்மையிலேயே பார்த்தது.

பிறகு பல் டாக்டர், "ஒரே கேமராவுல வந்தா போதாது. வேற கேமராவுல வரணும்" என்றார். சரியான பேச்சு. அறிவியல் அப்படித்தான் நடக்கும். அதனால் அந்த வாரம் கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போய், சென்சாரைத் துடைத்துத் தருகிறேன் என்றேன்.

"நானே கேக்கணும்னு இருந்தேம்மா," என்றார் டீச்சர். "நீ துடைச்சா ஆறு மாசத்துக்கு ஒரு தூசி இருக்காது."

முதலில் துடைத்தேன். அதன்பின் டீச்சர் வீட்டுப் போர்வையைக் கட்டி வெள்ளைப் படங்களை எடுத்துக்கொண்டேன். அதன்பின் முடியை வைத்தேன். இந்த வரிசை முக்கியம். முடி வைத்தபின் வெள்ளைப் படம் எடுத்தால் முடியும் நிழலோடு நீங்கிவிடும். டீச்சரின் தொலைநோக்கி எங்களுடையதைவிடக் குட்டை. அதில் நெபுலா சிறிதாக விழும். அதனால் முடியும் சிறிதாக இருக்க வேண்டும். நாலு புள்ளி ஆறு மில்லிமீட்டர். முகம் கழுவும் தொட்டியில் கிடைத்த பதினேழு முடிகளில் வளைவு பொருந்தியது ஒன்று. நகம் வெட்டும் கத்தரியால் நீளத்தைச் சரிசெய்தேன். டீச்சர் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். போகும்போது எனக்கு ஒரு பேனா பரிசாகக் கொடுத்தார்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பேனாவால்தான்.

அங்கே ஒன்றைக் கவனிக்கவில்லை. டீச்சர் கேமராவைத் தலைகீழாக மாட்டுவார். சொந்தப் பழக்கம். படத்தை அடுக்கி நேராக்கியபோது வளைவு இடது ஓரத்துக்குப் பதில் வலது ஓரத்தில், எதிர்ப்பக்கம் பார்த்து வளைந்திருந்தது.

நான் அதைக் காட்டவே வேண்டாம் என்றிருந்தேன். டீச்சரே என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது அந்தப் பக்கம்ல வருது! அப்ப இது வேற வளைவு."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஒருவர் கேமராவில் இடது வளைவு, இன்னொருவர் கேமராவில் வலது வளைவு, எது சரி என்று. பேக்கரிக்காரர் இரண்டுமே தப்பு என்றார். சித்தப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அப்போது நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"ரெண்டுமே இருக்கலாம்," என்றேன். "ஒண்ணு மங்கலா இருந்து ஒரு கேமராவுல மட்டும் பட்டிருக்கலாம். அடுத்த வாரம் ரெண்டையும் பாக்கலாம்."

"எப்படிம்மா? கொஞ்சம் விளக்கேன்," என்றார் பல் டாக்டர்.

எழுந்து பலகைக்குப் போனேன். ஒளி, தூசி, அடுக்குதல், சராசரி எல்லாவற்றையும் விளக்கினேன். பன்னிரண்டு நிமிடம் பேசினேன் என்று சித்தப்பா பின்னால் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். முடித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். பேக்கரிக்காரர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சித்தப்பா கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். அன்று வீட்டில், "நம்ம பொண்ணு பேசறாடி! நீ வந்து பாத்திருக்கணும்!" என்று சித்தியிடம் மூன்று தடவை சொன்னார்.

இதற்காக நான் தொடர்ந்து செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. சித்தப்பாவுக்காகத்தான் செய்தேன்.

அடுத்த வாரம் எங்கள் கேமராவில் இரண்டாவது முடியும், டீச்சர் கேமராவில் இரண்டாவது முடியும் வைத்தேன். இரண்டு படத்திலும் இரண்டு வளைவுகள் வந்தன. வலதுபக்கத்தது "டீச்சர் வளைவு" ஆனது. பிறகு பேக்கரிக்காரர், பிறகு அண்ணன் தம்பி, கடைசியாகப் பல் டாக்டர். எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சுத்தம் செய்து கொடுத்தேன். எல்லோருக்கும் வளைவுகள் கிடைத்தன. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

தாளின் பின்பக்கத்துக்கு வந்துவிட்டேன். சித்தப்பா கண்ணாடிக்கு வெளியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். நானும் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள்.

முடி எப்படிக் கிடைத்தது என்று தனியாக எழுதச் சொன்னீர்கள். முதலில் தொட்டியில் தேடிக்கொண்டிருந்தேன். நான் பலகையில் பேசிய அந்த ஞாயிற்றுக்குப் பிறகு தேட வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா தன் மீசைச் சீப்பை ஒவ்வொரு ஞாயிறும் என் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். வயதாகிவிட்டது, மறதி. சீப்பில் எட்டு பத்து முடிகள் இருக்கும். இரண்டு தடவை அவை தற்செயலாக நீளவாரியாக வரிசையில் இருந்தன.

அவற்றை ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்தேன். ஏழு அறை கொண்டது, கிழமைக்கு ஒன்று. திங்களில் குட்டை, ஞாயிறில் நீளம்.

ஒரு சிக்கல் இருந்தது. சித்தப்பாவின் மீசையில் பாதி நரை. நரைமுடி நிழலை அழுத்தமாக விழவிடாது. ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "வெள்ளை முடி வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ள விட்டுடும், கறுப்பு முடி விடாது" என்று பொதுவாக ஓர் அறிவியல் செய்தியாகச் சொன்னேன்.

"அப்படியா கண்ணு," என்றார் சித்தப்பா.

அந்த வாரம் மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார். சங்கத்தில் பெயர் வந்துவிட்டது, ஆள் கொஞ்சம் மிடுக்காக இருக்கலாமே என்று நினைத்திருப்பார். சித்திக்குத்தான் சிரிப்புத் தாங்கவில்லை.

"யாருக்கு இந்த ஒப்பனை? முட்டைக்கோஸுக்கா?"

"சும்மா இரு," என்றார் சித்தப்பா. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை. சித்தியும் சும்மா இருந்தார்.

பிறகு கடையில் அந்தப் படத்துக்குத் தன் கையால் சட்டம் போட்டு, சங்கத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார். ஒன்று எங்கள் கூடத்தில் மாட்டினார். சித்தி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் ஒரு வளைவு, இரண்டும் நுனி மெலிந்து.

"அப்படியே உங்க மீசை மாதிரி இருக்குங்க," என்றார்.

சித்தப்பா சிரித்தார். தேவைக்கு மேல் ரொம்ப நேரம் சிரித்தார். சித்தி அலுத்துப்போய் உள்ளே போனபின்தான் நிறுத்தினார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பல் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, டெலஸ்கோப்லயே பெருசு என்னோடது. எனக்குன்னு தனியா மூணாவதா ஒண்ணு வராதா? நல்லா அடுக்கிப் பாரேன்" என்றார். கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டேன். இல்லாத ஒன்றை உண்டாக்குவது எனக்குச் சரிப்படாது.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இரண்டு வளைவுகளைப் பற்றியும் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார் என்றீர்கள். எனக்கும் அனுப்பியிருந்தார். படித்தேன். கடுமையான உழைப்பு. மின்புலம்தான் அவற்றை அந்த இடத்தில் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறார். தவறில்லை. முடி கண்ணாடியில் ஒட்டி நிற்பது நிலைமின்னூட்டத்தால்தான்.

இனி உங்கள் வானாய்வகம்.

பல் டாக்டர் படத்தை இங்கே அனுப்பி வைத்தது எனக்குத் தெரியாது. உங்களுடைய பெரிய தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்திருப்பதைக் கூட்டத்தில் வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சித்தப்பா மட்டும் தட்டவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று இரவு சாப்பிடும்போது, "மலை மேல இருக்கற அந்த எடத்துல சனிக்கிழமை காலையில பொதுமக்களை விடறாங்களாம். ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாமா கண்ணு?" என்றார். நல்ல யோசனை. எனக்கே தோன்றாத ஒன்று.

நாங்கள் வந்த அன்று குளிரூட்டும் பகுதியை மாற்றுவதற்காகக் கேமராவைக் கழற்றி ஜன்னலோர மேசையில் வைத்திருந்தீர்கள். மேலே ஒரு துணி மட்டும் போட்டிருந்தது. நீங்கள்தான் வந்திருந்த இருபது பேருக்கும் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினீர்கள். சித்தப்பா உங்களிடம், இவ்வளவு பெரிய கண்ணாடிக்குச் சட்டம் போடுவது எப்படி, ஆணி அடிப்பீர்களா, பசை போடுவீர்களா, மழை நாளில் மரம் உப்புமா என்று கேட்கத் தொடங்கினார். இருபது பேரும் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நீங்கள் பொறுமையாகப் பதினொரு நிமிடம் பதில் சொன்னீர்கள். அவருக்குத் தொழில் ஆர்வம் அதிகம். எனக்கு அந்தப் பதினொரு நிமிடம் போதுமாக இருந்தது.

உங்கள் கேமராவில் கண்ணாடி சென்சாரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதனால் நிழல் பரவிவிடும். தடித்த முடி வேண்டும். மீசையின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த இரண்டை வைத்தேன். வெள்ளிக்கிழமை அறையில் இருந்தவை. இதுவரை ஆறு கேமரா, பன்னிரண்டு முடி.

நீங்கள் புதிதாக ஒரு வெள்ளைப் படம் எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நீங்கள் கேமராவைக் கழற்றுவதற்கு முன் எடுத்த பழைய வெள்ளைப் படங்களையே பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஒருமுறைதானே என்று விட்டிருப்பீர்கள். எனக்குப் புரிகிறது. பனியன் சாயம் ஏறிய வாரம் நானும் அப்படித்தான் விட்டேன். உங்கள் மேலதிகாரி இதைப் படிப்பார் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு வளைவுகளும் இருக்கின்றன என்று உங்கள் ஆய்வகம் ஒரு பக்க அறிக்கை வெளியிட்டது. சித்தி அதை வாங்கி, சித்தப்பாவைக் கேட்காமலே அவர் கடையில் சட்டம் போட்டு மாட்டினார். பூந்தொட்டியையும் கதவையும் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து நீங்கள் கேமராவைத் திறந்திருக்கிறீர்கள். கறுப்புச் சாயம் பூசிய இரண்டு முடிகள், அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் நரை. வருகைப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்கள். சட்டம், ஆணி, பசை என்று கேட்ட மீசைக்காரர் உங்கள் நினைவுக்கு வந்திருக்கிறார்.

ஆமாம். நான்தான் வைத்தேன். ஆறிலும் நான்தான் வைத்தேன்.

முடியை நீக்கிவிட்டு எடுத்த புதுப் படத்தைச் சற்றுமுன் என் முன்னால் வைத்தீர்கள். வளைவு இல்லை என்று விரலால் சுற்றிக் காட்டினீர்கள். நான் நன்றாகப் பார்த்தேன். இடது ஓரத்தில் மிக மங்கலாக, மேலே தடித்துக் கீழே மெலிந்து, எனக்குத் தெரிகிறது. வலது பக்கமும் இருக்கிறது. இத்தனை கேமராவில், இத்தனை ஆயிரம் படத்தில் வந்த ஒன்று திடீரென்று இல்லாமல் போகாது. உங்கள் சென்சாரில்தான் ஏதோ தூசி இருந்து அதை மறைக்கிறது. தூரிகை என் பையில் இருக்கிறது. நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் துடைத்துத் தந்துவிடுவேன்.

நான்காவது தாள் கொடுத்ததற்கு நன்றி. இன்னும் சில வரிகள்தான்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். சங்கத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அந்த மாணவரிடம் நானே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், பெயர் போடாமல். சித்தப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். வளைவு நகர்ந்துவிட்டது, தூசி கலைந்துவிட்டது, ஏதாவது சொல்லுங்கள். அவர் அறுபது வயதில் முதல் தடவையாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அது தன் மீசை என்று தெரிந்தால் தாங்கமாட்டார்.

அவர் இன்று ஏன் மீசையை எடுத்தார் என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. நேற்று உங்கள் கடிதம் வந்தது. நான் அதை என் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். இன்று காலையில் எழுந்து பார்த்தால் பால்கனியில் மழமழவென்று நிற்கிறார். சித்தி கேட்டதற்கு, "வெயிலுக்கு" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள யாராவது கேட்டா, எங்க சித்தப்பாவுக்கு எப்பவுமே மீசை கிடையாதுன்னு சொல்லிடு கண்ணு" என்றார். அவர் அப்படித்தான், விளையாட்டாக ஏதாவது சொல்லுவார்.

மழித்த மீசையை அவர் தூக்கிப் போடவில்லை. என் மாத்திரை டப்பாவை எடுத்து, ஏழு அறையிலும் பிரித்துப் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அந்த நீலச் சட்டையில் புடைத்துக்கொண்டு தெரிகிறதே, அதுதான். எதற்கு என்று கேட்டேன்.

"இருக்கட்டும் கண்ணு, தொழில்னு ஒண்ணு இருக்கில்ல," என்றார்.

சட்டம் போடும் தொழிலுக்கு மீசைமுடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கு இதில் எதுவும் தெரியாது.